எதிர் ஆசனத்து முகங்கள்

1938 முதல் 1941 வரையில், நியூயார்க் நகரத்துச் சுரங்க ரயிலில் ஏறி, எதிர் ஆசனத்தில் அமர்ந்திருந்த பிரயாணிகளை அவர்கள் அறியாமலே படமெடுத்துவந்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸின் செய்கையைக் கடுமையாகச் சொன்னால் திருட்டு என்றுதான் சொல்ல வேண்டும். கான்டாக்ஸ் காமிராவின் பளபளப்பான பாகங்களுக்குக் கறுப்பு வர்ணம் பூசி, குளிர்கால மேலங்கியின் பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ் மாத்திரம் எட்டிப்பார்க்கும்படி அதை மார்பில் ஒளித்து, விசைக் கம்பியைச் சட்டைக் கையின் வழியே உள்ளங்கைக்குக் கொண்டுவந்திருந்தார். ஹெலன் லெவிட் என்ற இளம் புகைப்படக் கலைஞர் சில வேளைகளில் துணைக்குச் செல்வதுண்டு. தோழியோடு பிரயாணம் செய்கிறவனை யார் சந்தேகிக்கப்போகிறார்கள்?

இரண்டே வருஷங்களுக்கு முன்புதான் அலபாமாவின் ஏழைக் குடியானவர்களைப் பெரிய காமிராவின் எதிரே நிறுத்தி, அவர்கள் நேருக்கு நேர் பார்க்கப் படமெடுத்திருந்த அதே மனிதர், இங்கே காமிராவின் வழியாகப் பார்க்கவும், கோணத்தைத் தேர்ந்துகொள்ளவும், போதிய வெளிச்சம் சேர்த்துக்கொள்ளவும் தமக்கிருந்த அதிகாரங்களையெல்லாம் தாமே துறந்துவிட்டு, எந்த க்ஷணத்தில் விசையை அழுத்துவது என்ற ஒரே சுதந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

பத்திரிகையில் ஆழ்ந்தவர்கள், கம்பளிக் கழுத்துப்பட்டைக்குள் முகவாயைப் புதைத்துக்கொண்ட ஸ்திரீகள், தோளோடு தோள் உரசியும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்று வரிசையாக வரும் அந்தப் படங்களைக் காண்பவர்கள், "எத்தனை சோகம்!" என்று பெருமூச்சு விடுவது வழக்கம். எனக்கென்னவோ அது சோகமாகத் தோன்றவில்லை. பிறருக்காக ஒரு பாவமும் தரிக்காத முகத்தை, உறங்கும் குழந்தையிடத்திலன்றி வேறெங்கும் காண நமக்கு வாய்ப்பதில்லையாகையால், அது எதிர்ப்படும்போது துக்கமென்று எண்ணிவிடுகிறோம். நம் வீட்டுச் சுவரில், ஸ்டூடியோ நாற்காலியில் விறைப்பாக அமர்ந்திருக்கும் தாத்தாக்களைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா!

ஆயினும் இந்தத் திருடர் நாணயஸ்தர். எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜி 1940-லேயே இந்தப் படங்களின் புத்தகத்துக்கு முன்னுரை எழுதிக் கொடுத்துவிட்டிருந்தும், பிரயாணிகளின் அந்தரங்கத்தில் நுழைந்துவிட்டோம் என்ற கூச்சம் எவன்ஸுக்கு இருந்தது; 'மெனி ஆர் கால்டு' என்ற புத்தகம் 1966-ல்தான் வெளிவந்தது. ஏஜி 1955-லேயே காலமாகிவிட்டார். இத்தனை வருஷ இடைவெளி குற்றத்தைப் போக்கிவிடுமா என்று கேட்டால், போக்காது என்றே சொல்வேன். என்னை ஒருவர் அப்படிப் படமெடுத்தது தெரிந்தால் நிச்சயம் சண்டைக்குப் போவேன். போன இடத்தில், ஒரு பிரதி கிடைக்குமா என்றும் கேட்பேன்.