க்ளீன் பண்ணினா பல் ஆடுமாம்!

போன மாதம் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். மயூர் விஹார் வீட்டில் உட்கார்ந்து முறுக்கை டீயில் நனைத்துச் சாப்பிடுகிறார். கேட்டால், "பல் ஆடுதுடா" என்கிறார். டாக்டரிடம் போகலாமா என்றால், "க்ளீன் பண்ணினா இருக்கிறதும் ஆடிடும்!"

இதே வசனத்தைப் பத்து வருஷமாக நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் அது தப்பு.

பல்லின் வேர் மேல் சிமென்டம் என்று ஒரு பூச்சு இருக்கிறது. ஈறுப் பக்கம் அதன் கனம் 20 முதல் 50 மைக்ரான்தான். தாடை எலும்பிலிருந்து வரும் நார்கள் இதில் புதைந்துதான் பல்லைப் பிடித்திருக்கின்றன. இதில் ரத்தக்குழாய் கிடையாது. ஆயுசு முழுக்க மெல்ல மெல்லப் படியும். ஆனால் எலும்பு மாதிரி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது.

ஈறுக்கடியில் காரை படிந்தால், அதில் குடியிருக்கும் கிருமிகளால் ஈறு வீங்கும், நார் அறும், எலும்பு கரையும். காரை முட்டுக்கொடுப்பதால் பல் கெட்டியாக இருப்பதுபோல் தெரியும். அதை எடுத்ததும் குட்டு உடைகிறது. பழி டாக்டர் மேல்! வராக்கடனைக் கண்டுபிடித்த ஆடிட்டரால்தான் நஷ்டம் என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

சரி, போனது திரும்ப வருமா? புண் ஆறும்போது ஈறுத்தோல் வேகமாக வளர்ந்து வேரை ஒட்டி இறங்கிவிடும். மெதுவாக வரும் நார் செல்களுக்கு இடமே இருக்காது. 1982இல் ஸ்வீடனின் நீமன், லிண்டே குழுவினர் நடுவே ஒரு சவ்வை வைத்து ஈறுத்தோலைத் தடுத்தார்கள். மனிதப் பல்லிலேயே நாரோடு புது சிமென்டம் வளர்ந்தது. 1990களில் பன்றிக்குட்டியின் பல் முளையிலிருந்து எடுத்த புரத ஜெல்லும் வந்தது (சைவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்!). ஆனால் இவை சிலவகைப் பள்ளங்களுக்கு மட்டுமே நன்றாகப் பலன் தரும். பெரும்பாலும் முழுசாகத் திரும்பாது. செலவும் அதிகம்.

ஊருக்குப் போக தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் 60 நாள் முன்பே டிக்கெட் போடுகிறோம். பல்லுக்கு மட்டும் வலி வரட்டும் என்று காத்திருக்கிறோம். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் ஆபத்தே. தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அதுதான் நோட்டீஸ். டெல்லி கேட் அருகில் அரசின் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனமே இருக்கிறது. செலவைச் சாக்கு சொல்ல முடியாது.

அப்பாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். இரண்டு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவை தப்பிக்கும் என்றார்கள். அடுத்த நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன்.

வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள்: முறுக்கைக் கடிக்க முடிகிறதா?