கில்லமார்ட் பாலத்தில் விடுபட்ட கதை

கிளந்தான் ஆற்றின் மேல் குசியாலில் நிற்கும் கில்லமார்ட் பாலத்துக்கும் கோல சிலாங்கூர் தோட்டங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

1925இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தில் ரயிலும் ஓடியது, மோட்டார் வண்டியும் ஓடியது. 1988இல்தான் வண்டிகள் நின்றன. ரயில் இன்றும் போகிறது. ஜப்பானியரைத் தடுக்க 1941 டிசம்பரில் பிரிட்டிஷ் படை அதை வெடிவைத்துத் தகர்த்ததும், 1948இல் மீண்டும் சீரானதும் பலருக்குத் தெரிந்த கதை.

இடைப்பட்ட ஆண்டுகளின் கதைதான் நம்முடையது. அந்தப் பாலத்தின் வழியே போகும் கிழக்குக்கரை ரயில் பாதையின் தண்டவாளங்களை மைல் கணக்கில் பெயர்த்து, சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள் ஜப்பானியர். கூடவே ஆட்களும் போனார்கள். தோட்டத்தில் பெரட்டுக்கு (காலைப் பெயரழைப்புக்கு) நின்றவர்களை அள்ளிப் போனதில் சிலாங்கூரும் தப்பவில்லை. மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000க்கும் மேல், பெரும்பாலோர் தமிழர். காலராவும் பட்டினியும் தின்றது போகத் திரும்பியவர்கள் நடைப்பிணமாக வந்தார்கள்.

அந்த மரண ரயில் பாதையருகே, தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் 6,982 போர்க்கைதிகள் மரியாதையோடு துயில்கிறார்கள். அதில் நமக்குக் குறையில்லை. படைவீரனுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, தோட்டக்காரனுக்கு இல்லை என்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியாது. அவனுக்கும் இருந்தது: செக்ரோல். கிராணி நாள்தோறும் பெயர் பதிந்த ஏடு அது. போர்க்காலப் பக்கங்களில் எந்தப் பெயர் எந்த மாதம் நின்றுபோனது என்று பார்த்தாலே பாதி வரலாறு கிடைக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகும்போது இந்த ஏடுகளைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

கில்லமார்ட் பாலத்தைக் கட்டியவர்கள் இந்தத் தோட்டத் தொழிலாளர்கள் அல்லவே என்று சிலர் சொல்லக்கூடும். ஆளுநர் லாரன்ஸ் கில்லமார்டும் அங்கே ஓர் ஆணிகூட அடித்ததில்லை. பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை தென்னமரம் தோட்டத்தில் 1917இல் செம்பனை நட்ட பிரெஞ்சுக்காரர் ஃபொகோனியேவை நூல்கள் நினைவில் வைத்திருக்கின்றன. குழி வெட்டியவர்களை?

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் வெறும் இரும்பையும் செங்கல்லையும் காக்க வந்ததல்ல. தண்டவாளமும் தொழிலாளியும் சயாமுக்குப் போன கதையைச் சொல்லும் பலகை, தமிழிலும், அந்தப் பாலத்தருகே வேண்டும். அதைவிட அவசரமானது ஏடுகள். 1942 முதல் 1945 வரையிலான செக்ரோல்களை ஒப்படைக்குமாறு தேசிய ஆவணக் காப்பகம் தோட்ட நிறுவனங்களுக்கு இவ்வாண்டே எழுத வேண்டும். வட சிலாங்கூரிலிருந்து தொடங்கலாம்.