மழை நீரும் அளவுகோலும்

“வானத்திலிருந்து விழும் நீருக்கு மாசேது?” என்பவர்கள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இருக்கிறார்கள். “இப்போது பெய்வதெல்லாம் அமில மழைதான்” என்பவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். இவ்விரு கூட்டத்தாரையும் நாம் கேட்பது ஒன்றேயாகும். அதாவது, அளந்து பார்த்தீர்களா என்பதே.

டென்மார்க் தேசத்து ரசாயன அறிஞர் சோரன்சென் என்பவர் 1909-லேயே இதற்குப் பி.எச். என்னும் அளவுகோலை ஏற்படுத்திக் கொடுத்துவிட்டார். அதில் 7 என்பது நடுநிலை. ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறிற்று என்று பொருள். புகையே இல்லாத இடத்து மழையுங்கூட, காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு ஏறக்குறைய 5.6 அளவில்தான் விழும். ஆகவே 7-க்குக் கீழே எண்ணைக் கண்டதும் அமில மழையென்று கூச்சலிடுவது அறிவுடைமையாகாது.

நிற்க, வாசலில் கிடந்த குடத்து நீரைச் சோதிப்பதும் அளவாகாது. கல்லக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பூமியை நமது ஜில்லாவார் அறிவார்கள். மழைக்கு முன்பே திறந்து கிடந்த பாத்திரத்தில் சுண்ணாம்புப் புழுதி படிந்திருந்தால் அது புளிப்பை விழுங்கிவிடும். கெட்ட மழையும் நல்ல மழையாக வேஷம் போடும்.

ஆகையால் காய்ச்சி வடித்த நீரில் கழுவிய பிளாஸ்டிக் பாத்திரத்தை, மழை தொடங்கும்போது திறந்து, நின்றதும் மூட வேண்டும். உள்ளே விரல் படக்கூடாது. அன்றே அளக்க வேண்டும். மழை நீரில் உப்புச் சத்து மிகக் குறைவாதலால் லிட்மஸ் காகிதத்தை நம்புவதற்கில்லை, மின்கருவியே தேவை. அதையும் 4, 7 என்று அளவு தெரிந்த இரண்டு தாங்கல் கரைசல்களில் முதலில் சரிபார்த்து, கழுவி, முள் அசையாது நிற்கும்வரை பொறுத்திருந்து படிக்க வேண்டும். சராசரியிலும் ஏமாறக்கூடாது. 4-ம் 6-ம் உள்ள நீரைச் சம அளவு கலந்தால் 5 வராது, 4.3-தான் வரும்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். 2003-ல் நமது மாகாணத்தில் மழை நீர் சேமிப்பு எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. கூரையில் விழுவதே கிணற்றுக்கும் தொட்டிக்கும் போகின்றது. புளித்த நீர் குழாயின் உலோகத்தைக் கரைக்கும். கோபுரத்துச் சுதை உருவங்களின் சுண்ணாம்பையும் அரிக்கும். அவற்றைக் கும்பிடுகிறவன், கும்பிடாதவன் என்ற பேதம் அமிலத்திற்கு இல்லை.

இந்திய வானிலைத் துறையார் கொடைக்கானலில் மழை நீரைச் சேகரித்துச் சோதித்து வந்திருக்கிறார்கள். அங்கு கண்ட எண் நம் ஊருக்குப் பதிலாகாது. காவிரிக்கு இக்கரையில் ஒரு பள்ளிக்கூடமும் அக்கரையில் ஒரு பள்ளிக்கூடமும் வரும் ஐப்பசியிலேயே, ஒரே முறையில், ஒவ்வொரு மழையையும் தேதி போட்டு எழுதி வைக்கட்டும். மாசேது என்பவர்க்கும் அமிலமே என்பவர்க்கும் அந்த நோட்டுப் புத்தகமே பதில் சொல்லும்.