மாறும் பதிலெல்லாம் மோசடி அல்ல

ஒரே ஸ்லைடை ஒரு லேப் நார்மல் என்கிறது; இன்னொரு லேப் மாற்றம் இருக்கிறது என்கிறது. உடனே, இரண்டில் ஒன்று போலி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 2018-ல் அயர்லாந்தில் நடந்ததும் இதுதான். விக்கி ஃபெலன் என்ற பெண்ணின் பாப் ஸ்மியரை, அதாவது கர்ப்பப்பை வாய்ச் செல் பரிசோதனையை, 2011-ல் நார்மல் என்றார்கள். 2014-ல் அவருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஸ்லைடைப் பார்த்தது டெக்சாஸ் லேப் என்றதும், வெளிநாட்டுக்கு அனுப்பியதுதான் வினை என்ற கூச்சல் கிளம்பியது.

பாப் ஸ்மியர் மெஷின் துப்பும் எண் அல்ல. ஆயிரக்கணக்கான செல்களைக் கண்ணால் துழாவிச் சொல்லும் கணிப்பு. உட்கரு இரண்டரை, மூன்று மடங்கு பெருத்திருந்தால் சந்தேகப்படு என்கிறது இந்தச் செல்களை வகைப்படுத்தும் பெதஸ்டா முறை. மாதவிடாய் நின்றவர்களின் செல்லும், அழற்சியில் வீங்கிய செல்லும் அதே சாயலில் வந்து நிற்கும். 2001-ல் ஜாமா இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், முதலில் 'சந்தேகம்' என்று எழுதப்பட்ட 1,473 ஸ்லைடுகளில் இரண்டாவதாகப் பார்த்தவர்கள் அதையே சொன்னது 43 சதவீதத்தில்தான்.

அயர்லாந்தில் புற்றுநோய் வந்த 1,038 பெண்களின் ஸ்லைடுகளை 2019-ல் பிரிட்டன் நிபுணர்கள் மறுபடி பார்த்தார்கள். 308 பேருக்குப் பதில் மாறியது. இங்கிலாந்தின் தணிக்கையிலும் நிலவரம் ஏறக்குறைய இதுதான் என்றது அவர்களின் அறிக்கை. டெக்சாஸ்மீது மட்டும் பழி போட்டவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? புற்றுநோய் வந்தது தெரிந்த பின் தேடும் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரியத்தான் செய்யும்.

இதைச் சாக்காக்கி எந்த லேப்பும் தப்பிக்கக் கூடாது. கூலிக்கு ஸ்லைடு தள்ளிய அவசரம் அமெரிக்காவில் 1987-ல் அம்பலமானது. அதன் பின்தான், 24 மணி நேரத்தில் ஒருவர் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. அயர்லாந்திலும் குற்றம் நடந்தது. அது வேறு இடத்தில். புற்றுநோய் வந்தபின் ஃபெலனின் பழைய ஸ்லைடை மறுபடி பார்த்த தணிக்கையில் பதில் மாறியது; அதை அவருக்குச் சொன்னது 2017-ல்தான். மாறும் பதிலெல்லாம் மோசடி என்று ஊர் நம்பும்வரை, மாறியதை மறைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும்.

2020 முதல் அயர்லாந்து, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸுக்கான சோதனையை முதலில் வைத்துவிட்டது; வைரஸ் இருந்தால்தான் செல்லைப் பார்க்கிறார்கள். கண்ணின் வேலை குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. ஆகவே, ஒருமுறை நார்மல் வந்ததை நம்பி அடுத்த பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். மறுபார்வையில் எத்தனை ஸ்லைடுக்குப் பதில் மாறியது என்று லேப்பைக் கேளுங்கள். எண்ணைச் சொல்கிறவர்களை நம்பலாம். ஒன்றுகூட மாறியதில்லை என்கிறவர்கள் மறுபடி பார்ப்பதே இல்லை.