ரெண்டர் பொத்தானுக்கு முன்னால்

கணினி வரைகலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: சினிமாவில் வருகிற மாதிரி ரெண்டர் வேண்டும், எந்த சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ளலாம்? பிளெண்டரா, மாயாவா, ஹூடினியா? அடுத்த கேள்வி கிராபிக்ஸ் கார்டைப் பற்றியது. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவர்கள் தேடுகிற விடை அங்கே கிடைக்காது.

2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர், லாட்வியாக்காரரான கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ படத்துக்குக் கிடைத்தது. எதிரே நின்றவை பிக்ஸாரின் ‘இன்சைட் அவுட் 2’, டிரீம்வொர்க்ஸின் ‘தி வைல்ட் ரோபாட்’ போன்ற பெரிய படங்கள். ‘ஃப்ளோ’ உருவானது பிளெண்டரில். காசில்லாமல் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள் அது. அதிலும், ஒளியின் பாதையைத் துல்லியமாகக் கணக்கிடும் சைக்கிள்ஸ் எஞ்சினை விட்டுவிட்டு, வேகத்துக்காகவே எழுதப்பட்ட ஈவீ எஞ்சினில்தான் ரெண்டர் செய்தார்கள். இன்னும் பின்னால் போய்ப் பார்த்தால், 1995இல் வந்த ‘டாய் ஸ்டோரி’யின் ஒவ்வொரு ஃபிரேமும் 1536க்கு 922 பிக்சல். இன்று பலர் கையில் இருக்கும் போனின் திரையில் அதைவிட அதிகப் பிக்சல்கள் உண்டு. ஒளி சுவரில் பட்டு, தரையில் பட்டுத் திரும்புவதை முழுமையாகக் கணக்கிடும் முறைக்கு பிக்ஸார் தன் முழுநீளப் படத்தில் வந்து சேர்ந்தது 2013இல், ‘மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி’யில். அதுவரை வந்த படங்களை யாரும் சினிமா தரம் இல்லை என்று சொல்லவில்லை.

அப்படியானால் தரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ரெண்டர் செய்யும்போது கணினி என்ன செய்கிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

1986இல் ஜேம்ஸ் கஜியா அதை ஒரே சமன்பாடாக எழுதிக் காட்டினார். ஒரு பொருளின் மேலுள்ள ஒரு புள்ளியிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி எவ்வளவு? அந்தப் புள்ளி தானே உமிழும் ஒளி ஒன்று; எல்லாத் திசைகளிலிருந்தும் அதன்மேல் விழுந்து நம் பக்கம் திரும்பும் ஒளி மற்றொன்று. இரண்டையும் கூட்டினால் விடை. சொல்ல எளிது, ‘எல்லாத் திசைகளிலிருந்தும்’ என்ற இடத்தில்தான் சிக்கல். சுவருக்கு வரும் ஒளியில் ஒரு பங்கு தரையிலிருந்து வருகிறது. தரைக்கு வரும் ஒளியில் ஒரு பங்கு அதே சுவரிலிருந்து. ஒன்றை அறிய மற்றது தெரிந்தாக வேண்டும்.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் பாத் ட்ரேசிங். கேமராவிலிருந்து பின்னோக்கி ஒரு கதிரை அனுப்புவது; அது எதன்மேலாவது பட்டதும் ஏதோ ஒரு திசையில் திருப்பிவிடுவது; விளக்கையோ வானத்தையோ தொடும்வரை தொடர்வது. ஒவ்வொரு பிக்சலுக்கும் இப்படி நூற்றுக்கணக்கான கதிர்களை அனுப்பிச் சராசரி எடுக்கிறார்கள். அந்தக் கதிர்களைத்தான் சாம்பிள் என்கிறோம். கதிர் குறைவாக இருந்தால் சராசரி தடுமாறும். படத்தில் புள்ளிபுள்ளியாக நாய்ஸ் தெரியும்.

புதியவர்களின் நேரத்தைத் தின்பது இந்த இடம்தான். நாய்ஸ் பாதியாகக் குறைய சாம்பிள் நான்கு மடங்காக வேண்டும். நூறு சாம்பிளுக்கு ஒரு நிமிடம் ஆகிறது என்றால், நாய்ஸ் பாதியாக நானூறு சாம்பிளும் நான்கு நிமிடமும் வேண்டும். கால்வாசியாக ஆயிரத்து அறுநூறு சாம்பிளும் பதினாறு நிமிடமும். இராத்திரி முழுக்கக் கணினியை ஓடவிட்டு, காலையில் பளிங்குபோல் சுத்தமான, ஆனால் பொம்மைபோலவே இருக்கும் ஒரு படத்தைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் நிறையப் பேர். சாம்பிளைக் கூட்டுவதால் நாய்ஸ் போகும். பொம்மைத்தனம் போகாது. மிச்சமிருக்கும் நாய்ஸைத் துடைக்க இன்டெலின் ஓப்பன் இமேஜ் டீநாய்ஸ் போன்ற கருவிகள் இலவசமாகவே கிடைக்கும்போது, சாம்பிள் எண்ணிக்கையோடு மல்லுக்கட்டுவதில் பெரிய பொருளில்லை.

பொம்மைத்தனம் போக வழி, நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. 1984இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியைக் கணினியில் வரைந்தார்கள். பக்கச் சுவர்களுக்கு வெவ்வேறு வண்ணம்; உள்ளே வைக்கும் கட்டைகள் பிறகு வந்தவை. பிறகு அதே போன்ற நிஜப் பெட்டியைக் கட்டி வைத்து, கணக்கிட்ட படத்தையும் நிஜத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். கார்னெல் பாக்ஸ் என்று இன்றும் எல்லா ரெண்டர் எஞ்சின்களையும் சோதிக்கப் பயன்படுவது அதுதான். புதியவருக்கு நான் சொல்லும் பயிற்சியும் இதுவே. கற்பனை நகரமும் டிராகனும் பிறகு வரட்டும். சமையலறை எவர்சில்வர் டம்ளர் ஒன்றை ஜன்னலோர மேசையில் வைத்துப் போனில் ஒரு போட்டோ எடுங்கள். அந்த போட்டோவை அப்படியே ரெண்டரில் கொண்டுவரப் பாருங்கள்.

டம்ளர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உலோகத்துக்கு என்று தனியாகப் பரவி நிற்கும் நிறம் கிடையாது. சுற்றியிருப்பதைத்தான் அது காட்டும். வெற்று வெளியில் டம்ளரை மட்டும் மாடல் செய்து ரெண்டர் போட்டால் கரிப்பிடித்த சாமான் மாதிரி ஏதோ ஒன்று வரும். ‘மெட்டீரியல் சரியில்லை’ என்று நினைத்து அமைப்புகளைத் திருகிக்கொண்டிருப்பார்கள். கோளாறு மெட்டீரியலில் இல்லை, பிரதிபலிக்க அங்கே ஒன்றுமில்லை. ஜன்னல் வேண்டும், எதிர்ச்சுவர் வேண்டும், மேசை வேண்டும், போட்டோ எடுத்தவரின் நிழலுருவம்கூட வேண்டும். இதற்காகத்தான் ஓர் இடத்தின் சுற்றுப்புற ஒளி முழுவதையும் படமாகப் பிடித்து, அதையே விளக்காகப் பயன்படுத்தும் எச்டிஆர்ஐ முறையை பால் டெபெவெக் 1998இல் விளக்கினார். பாலி ஹேவன் என்ற தளத்தில் அப்படிப்பட்ட படங்கள் உரிமக் கட்டுப்பாடே இல்லாமல் கிடைக்கின்றன.

அடுத்தது நிழல். விளக்கு சிறியதாக இருந்தால் நிழலின் ஓரம் கூர்மையாக விழும், பெரியதாக இருந்தால் மெழுகிவிட்டதுபோல் மங்கும். சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம்தான். அதனால்தான் நடுப்பகல் நிழல் வெட்டிவைத்ததுபோல் இருக்கிறது. மூட்டமான நாளில் வானமே விளக்காகிவிடுவதால் நிழல் காணாமல் போகிறது. பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையில் நான்கு மணி வெயில் விழும்போது பக்கத்து வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியைக் கவனித்தால், இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். எந்தப் பயிற்சி வீடியோவையும்விட இது நன்றாகக் கற்றுத்தரும். புதியவர்கள் காட்சியில் நான்கைந்து விளக்குகளை ஒரே பலத்தில் வைத்து, எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் பாய்ச்சிவிடுகிறார்கள். டம்ளர் பயிற்சியில் ஒரே ஜன்னல்தான், ஒரே விளக்குதான். அதற்குமேல் வைக்க ஆசை வந்தால் போட்டோவைப் பாருங்கள்.

பரப்புகளைப் பற்றிக் கவலை கொஞ்சம் குறைவாகவே போதும். 2012இல் டிஸ்னியின் பிரென்ட் பர்லி, ‘ரெக்-இட் ரால்ஃப்’ படத்துக்காக உருவாக்கிய ஒரு முறையை வெளியிட்டார். உலோகமா இல்லையா, எவ்வளவு சொரசொரப்பு என்பது போன்ற சில அளவுகளாலேயே பெரும்பாலான பொருட்களைச் சொல்லிவிடலாம். பிளெண்டரின் ‘பிரின்சிபிள்டு’ அமைப்பு அதைத் தழுவி உருவானதுதான். மூன்று விஷயங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நிஜத்தில் எந்தப் பொருளும் முழு வெள்ளை இல்லை, முழுக் கறுப்பும் இல்லை. புதுப்பனியே விழும் ஒளியில் எண்பது தொண்ணூறு சதவீதம்தான் திருப்பித் தருகிறது, கரி நான்கு சதவீதத்தையாவது திருப்புகிறது. எந்த விளிம்பும் முழுக் கூர்மை இல்லை; டம்ளரின் மடித்த விளிம்பில் ஓடும் மெல்லிய ஒளிக்கோடு இல்லையென்றால் கண் உடனே சந்தேகப்படும். பிறகு, எல்லா ஒளியும் பரப்போடு திரும்பிவிடுவதில்லை. இட்லியும் பாலும் நம் தோலும் ஒளியைச் சற்று உள்ளே வாங்கி வேறிடத்தில் வெளியே விடுகின்றன. ஹென்ரிக் வான் ஜென்சனும் அவருடைய கூட்டாளிகளும் 2001இல் இதற்கு ஒரு கணக்குமுறை தந்த பிறகுதான் கணினியில் செய்த தோல் பிளாஸ்டிக் போலத் தெரிவது குறைந்தது. டம்ளருக்குப் பக்கத்தில் இட்லி வைக்கும் நாள் வரை இதைத் தள்ளிப்போடலாம்.

தள்ளிப்போடக் கூடாத ஒன்று நிறக் கணக்கு. பெரும்பாலான பயிற்சிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, கற்பவரும் கடந்துவிடுகிறார். படக் கோப்பில் ஒரு பிக்சலின் மதிப்பு 0.5 என்றால் பாதி ஒளி என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஏறக்குறைய 21 சதவீத ஒளி. நம் கண் இருட்டில் சிறு வேறுபாட்டையும் கவனிக்கும், வெளிச்சத்தில் அவ்வளவாகக் கவனிக்காது. அதற்கேற்ப எண்களை வளைத்துச் சேமிக்கிறார்கள். ரெண்டர் எஞ்சினோ வளைக்காத, நேரான ஒளியில்தான் கூட்டிக் கழிக்கும். அதனால், பரப்பின்மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சர் வண்ணம் சொல்வதாக இருந்தால் அதை வளைவு நீக்கிப் படிக்க வேண்டும். சொரசொரப்பு, மேடுபள்ளம் போன்ற அளவு சொல்லும் டெக்ஸ்சரை அப்படியே படிக்க வேண்டும். இரண்டாவதை வண்ணம் என்று நினைத்து எஞ்சின் படித்துவிட்டால் பளபளப்பு எல்லாம் தவறாகிவிடும்; எங்கே தவறு என்றும் புரியாது. பிளெண்டரில் அந்தப் படங்களுக்கு ‘நான்-கலர்’ என்று தேர்வு செய்யச் சொல்வது இதற்காகத்தான். கடைசியில் திரைக்கு வரும்போது ஜன்னல் வெளிச்சம் வெள்ளைத் திட்டாக வெந்துபோகாமல் மெதுவாக வெளுக்க, ஏஜிஎக்ஸ் போன்ற ஒரு வண்ண மாற்றம் வேண்டும். சினிமாத்தனம் என்று நாம் உணர்வதில் கணிசமான பங்கு இந்த மெதுவான வெளுப்புதான் என்பது என் கருத்து.

இவ்வளவு சொன்னபின்னும், டம்ளரா செய்யச் சொல்கிறீர்கள், எனக்குப் புலி வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள். புதுச்சேரியிலும் படமாக்கப்பட்ட ‘லைஃப் ஆஃப் பை’ படத்தில் வரும் புலி பெரும்பகுதி கணினியில் உருவானது. அதைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தில் ரோமத்துக்கு, தசைக்கு, தண்ணீருக்கு, ஒளிக்கு என்று தனித்தனிக் குழுக்கள் உழைத்தன. 2013 பிப்ரவரியில் அந்தப் படத்தின் காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கர் கிடைத்தபோது நிறுவனம் ஏற்கெனவே திவால் மனு போட்டிருந்தது. ஒரு ஸ்டுடியோவே மூச்சுத்திணறிய வேலையை வீட்டில் ஒற்றை ஆளாகத் தொடங்கி, வரவில்லையே என்று தன் திறமையைச் சந்தேகப்படுவதில் நியாயம் இல்லை.

ரெண்டர் செய்த டம்ளர், போட்டோவுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் நிற்கத் தொடங்கியதும் கேமராவை மெதுவாக நகர்த்திப் பத்து விநாடிக் காட்சி எடுக்கலாம். சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம். ஷட்டர் வழக்கமாக ஒரு ஃபிரேமின் பாதி நேரம், அதாவது நொடியில் 48இல் ஒரு பங்கு திறந்திருக்கும். நகர்வால் வரும் மங்கலை, அதாவது மோஷன் பிளரை, அந்த அளவிலேயே வையுங்கள். 240 ஃபிரேம், ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் இருபது மணி நேரம். நேராக வீடியோ கோப்பாக எழுதச் சொல்லாமல், ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனி இஎக்ஸ்ஆர் கோப்பாக எழுதச் சொல்லுங்கள். இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் தன் படங்களுக்காக உருவாக்கி 2003இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட வடிவம் அது. ஜன்னலின் உண்மையான ஒளி அளவு அதில் வெட்டுப்படாமல் இருப்பதால், மறுபடி ரெண்டர் செய்யாமலே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். 150ஆவது ஃபிரேமில் கரண்ட் போனாலும் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.