பச்சைப் புள்ளி போதுமா?

"உணவு ஒவ்வாமை என்பது பங்களாக்காரர் பிள்ளைக்கு வரும் நோவு, விடுமுறைப் பயணம் என்பது கார் வைத்திருப்பவர் சமாசாரம். ஆலையிலும் வயலிலும் பாடுபடுகிறவர்கள் படிக்கும் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மேலே போவோம்.

தொழிலாளர்களும் பயணம் போகத்தான் செய்கிறார்கள். இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதியது. அது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. கூலி விவசாயிக்கோ அந்தச் சட்டமும் கிடையாது. அறுப்பு முடிந்து அடுத்த நடவு வரும்வரை வேலையற்றுக் கிடக்கும் நாட்களே அவருக்கு விடுமுறை. அப்போது கையில் நாலு காசு இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தைப்பூசத்துக்குப் பழனி, மே மாதத்தில் ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று பஸ் ஏறுகிறார்கள். இதில் என்ன ஆடம்பரம் இருக்கிறது?

ஒவ்வாமையும் கூலிப் பட்டியலைப் பார்த்து வருவதில்லை. பாலிலோ நிலக்கடலையிலோ உள்ள புரதத்தைச் சில பிள்ளைகளின் உடம்பு பகையாளி என்று எண்ணிப் போர் தொடுக்கிறது. அதுதான் ஒவ்வாமை. பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு; இது வேறு. அங்கே வயிற்றுப்போக்கோடு போய்விடும், இங்கே மூச்சே நின்றுவிடலாம். "பசும்பால்தானே ஆகாது, ஆட்டுப்பால் கொடு" என்பார்கள் சிலர். இரண்டிலும் உள்ள புரதம் ஏறக்குறைய ஒன்றே. பசும்பால் ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்பார்கள் வேறு சிலர். டாக்டர் மேற்பார்வையில்லாமல் இதைச் செய்து பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். பால் ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப் போகிறது. நிலக்கடலை ஒவ்வாமை பெரும்பாலும் விடுவதில்லை.

ஒரு நூல் மில் தொழிலாளியின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாலும் நிலக்கடலையும் ஆகாது. வீட்டில் இருக்கும்வரை பெரிய கஷ்டம் இல்லை. சோறு, மீன் குழம்பு, ரசம், முருங்கைக்கீரை என்று தாய் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறார். பழனிக்கு மாலை போட்டவுடனேதான் தொல்லை தொடங்குகிறது. விரத நாட்களில் மீனும் கறியும் கூடாது, சைவ ஓட்டல்தான். ஊரில் எல்லோரும் என்ன நினைக்கிறார்கள்? சைவம் என்றால் சுத்தம், குழந்தைக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கோ நிலைமை தலைகீழ். மீன் குழம்பு பிள்ளையை ஒன்றும் செய்ததில்லை. சைவ ஓட்டலின் இலையில்தான் ஆபத்து பரிமாறப்படுகிறது.

இலையைப் பாருங்கள். பொங்கலில் நெய்யும் முந்திரியும். குருமாவில் முந்திரி விழுது. ரவா தோசை மாவில் சில இடங்களில் மோர். புளியோதரையிலும் எலுமிச்சைச் சாதத்திலும் நிலக்கடலை. வெள்ளைச் சோற்றைக் கேட்டால், அன்பாக ஒரு கரண்டி நெய்யை மேலே ஊற்றிவிட்டுத்தான் நகர்வார் பரிமாறுகிறவர்! தேங்காய் விலை ஏறினால் சட்னியில் நிலக்கடலை ஏறும். சட்னியின் நிறத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வடை போட்ட எண்ணெயில்தான் அப்பளம் பொரியும். நெய் தோசை வார்த்த கல்லில்தான் சாதா தோசையும் வேகும். முழுவதும் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது தங்கிவிடுகிறது. ஓட்டல் டின்னில் இருப்பது எந்த எண்ணெய்? யாரைக் கேட்பது? (கோதுமை ஆகாத பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். சாம்பாரும் ரசமும் அதில்லாமல் தாளிப்பதில்லை.)

கேட்கத் துணிந்தால் நம் மொழியே காலை வாரிவிடுகிறது. 'கடலை' என்ற ஒரே சொல்லில் நாம் எத்தனை பொருள்களை அடைத்து வைத்திருக்கிறோம்! பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, நிலக்கடலை. அந்த நிலக்கடலைக்கும் ஊருக்கு ஒரு பேர். சென்னைப் பக்கம் வேர்க்கடலை. கோவைப் பக்கம் கடலைக்காய். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மல்லாட்டை, மணிலாக்கொட்டை. "சட்னியில் கடலை உண்டா?" என்று கேட்டால், "கடலை போடாமல் சட்னியா?" என்று பொட்டுக்கடலையை நினைத்துப் பதில் வரும். "மல்லாட்டை உண்டா?" என்று தென்பாண்டிச் சீமையில் கேட்டால் அது என்ன கொட்டை என்று விழிப்பார்கள். பிள்ளையின் உயிர் இந்தக் குழப்பத்தில் தொங்குகிறது.

சர்க்கார் இதற்கு என்ன செய்திருக்கிறது? ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். பொட்டலத்தில் அடைத்த உணவில் மாமிசம் இல்லை என்று காட்டுவதற்குப் பச்சைப் புள்ளி 2001ஆம் ஆண்டில் வந்தது. தாலுகா ஊர்ப் பெட்டிக்கடையில் இரண்டு ரூபாய் பிஸ்கட்டைப் புரட்டினாலும் அந்தப் புள்ளியைப் பார்க்கலாம். நல்ல காரியம். சைவம் உண்பவர் தம் கொள்கைக்கு மாறாக உண்ணாமல் காக்கிறது. ஆனால் பாலும் நெய்யும் முந்திரியும் நிலக்கடலையும் பச்சைப் புள்ளிக்குள்தான் அடங்கும். அந்தப் புள்ளி மனச்சாட்சியைக் காப்பாற்றும். குழந்தையின் மூச்சைக் காப்பாற்றாது.

பிறகு 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் வந்தன. பால், முட்டை, மீன், நிலக்கடலை, மரக்கொட்டைகள், சோயா, கோதுமை வகைத் தானியங்கள் முதலிய ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் பொட்டலத்தின் மேல் எழுத வேண்டும் என்றன. நம் ஊரில் பொடியிலும் புளிக்காய்ச்சலிலும் கலக்கும் எள் அந்தப் பட்டியலில் இல்லை. சரி, ஓட்டல்கள்? மத்திய லைசென்ஸ் பெற்றவையும், பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருப்பவையும் விலைப்பட்டியலில் ஒவ்வாமை விவரத்தைக் காட்ட வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. அதாவது, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து இருநூறு ரூபாய்க்கு ரொட்டி தின்கிறவர் பிள்ளைக்கு அட்டையில் எச்சரிக்கை உண்டு. பஸ் இரவு பதினோரு மணிக்கு நிற்கும் சாலையோர ஓட்டலில், இதை விட்டால் வேறு கடையே கண்ணுக்கெட்டிய தூரம் இல்லை என்ற நிலையில் இறங்குகிறவர் பிள்ளைக்கு இல்லை. இது என்ன நியாயம்?

"சின்ன ஓட்டல்காரர் தாங்க மாட்டார்" என்று பதில் சொல்வார்கள். தாங்கியிருக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் 2014 டிசம்பரிலிருந்து பதினான்கு பொருள்கள் பற்றிய விவரத்தைச் சின்னக் கடையும் கேட்பவருக்குச் சொல்லியாக வேண்டும். அங்கும் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. பிரிட்டனில் கடையிலேயே செய்து கடையிலேயே பொட்டலம் கட்டி விற்பதற்கு ஒவ்வொரு பொட்டலத்திலும் எழுத வேண்டியதில்லை என்று விட்டிருந்தார்கள். 2016 ஜூலையில் நட்டாஷா என்ற பதினைந்து வயதுப் பெண் தந்தையோடு பிரான்சுக்கு விடுமுறைக்குப் புறப்பட்டாள். லண்டன் விமான நிலையத்தில் காய்கறி வைத்த ஒரு ரொட்டியை வாங்கி உண்டாள். அதில் மாமிசம் இல்லை. ஆனால் ரொட்டி மாவுக்குள் எள் இருந்தது. பொட்டலத்தில் அந்தச் சொல் இல்லை. எள் ஒவ்வாமை உள்ள அந்தப் பெண் அன்றே மாண்டாள். பெற்றோர் வீட்டில் முடங்கவில்லை; போராடினார்கள். 2021 அக்டோபரில் அந்தச் சந்து அடைக்கப்பட்டது. அந்தச் சட்டத்தை அவள் பேராலேயே அழைக்கிறார்கள். நம் சட்டத்தின் சந்தை அடைக்கவும் ஒரு பிள்ளை சாக வேண்டுமா?

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல விரும்புகிறோம். ஓட்டலில் கோபத்தைப் பரிமாறுகிறவர் மேல் காட்டாதீர்கள். அவரும் நம்மைப்போல் கூலிக்காரர். அதிகாலையில் நின்ற கால் இரவுவரை நிற்கிறது. ஒரிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராக இருந்தால் தமிழில் 'இட்லி, தோசை' தெரியும், 'ஒவ்வாமை' தெரியாது. கூட்ட நேரத்தில் கேட்டால் "இல்லீங்க" என்று சொல்லித்தான் அடுத்த மேசைக்கு ஓடுவார். சட்னியில் என்ன அரைத்தார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வைப்பது கல்லாவில் இருப்பவர் கடமை. ஆகையால் கல்லாவில் கேளுங்கள். முடிந்தால் சமையல் மாஸ்டரையே கேளுங்கள். செல்போனில் ஒரு நிலக்கடலைக் காயின் படத்தை வைத்துக்கொண்டு, "இது உண்டா? இதைத் தின்றால் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும்" என்று காட்டுங்கள். படத்துக்கு ஊர்ப்பேரும் வேண்டாம், மொழியும் வேண்டாம்.

சட்டம் வரும்வரை என்ன செய்வது? நம் தாய்மார் அறிந்த கட்டுச்சோறுதான் முதல் நாளைக்குக் காவல். கடலை போடாமல், நல்லெண்ணெயில் கிளறிய புளிச்சோறு ஒரு நாள் தாங்கும் (எள் ஆகாத பிள்ளைக்கு இது கூடாது). அவலும் வெல்லமும் பையில் இருந்தால் தண்ணீர் கிடைக்கும் இடமெல்லாம் சாப்பாடு உண்டு. வாழைப்பழம், இளநீர், அவித்த சர்க்கரைவள்ளி, தை மாதமானால் பனங்கிழங்கு என்று யாரும் கரண்டி போட்டுக் கலக்காத பண்டங்களே மேல். ஓட்டலில் இட்லி ஓரளவு நம்பத்தக்கது. அரிசியும் உளுந்தும் ஆவியில் வெந்தது. சட்னியும் பொடியும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் தருகிறார்கள் என்றால் அதில் மாட்டுப்பால் கலக்கவில்லையா என்று கேட்டு வாங்க வேண்டும். கோயில் பிரசாதம் என்றால் கேட்கவே கூச்சப்படுகிறோம். பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய் உண்டு. பால் ஆகாத பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசினால் போதும். நாக்கில் தடவ வேண்டாம்.

இதற்காக அடுப்பைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட் 26இல் மதுரை ரயில் நிலையத்தில், லக்னோவிலிருந்து வந்த யாத்திரைப் பெட்டிக்குள் காஸ் சிலிண்டர் வைத்திருந்ததால் தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். பெட்டிக்குள் அடுப்பு குற்றம் மட்டுமல்ல, கொலைக்கருவி. சமைக்க இடம் தரும் சத்திரமோ மண்டபமோ போகிற ஊரில் உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

எல்லாக் காவலையும் மீறி ஒரு துளி உள்ளே போய்விட்டால்? உதடு வீங்கும், உடம்பில் தடிப்புக் கிளம்பும், வாந்தி வரும்; குரல் கம்மி, மூச்சில் விசில் கேட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. அப்போது பிள்ளையைக் காப்பாற்றும் மருந்து ஆட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். அரிப்பு மாத்திரை அதற்கு ஈடல்ல. 108க்கு அழைத்து, ஒவ்வாமை, மூச்சுத் திணறல் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளையை நடக்க விடாதீர்கள். மூச்சு அனுமதித்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். தெளிந்துவிட்டது என்று பஸ் ஏறிவிடவும் கூடாது; சில மணி நேரத்தில் திரும்ப வருவதுண்டு. தானே குத்திக்கொள்ளும் பேனா வடிவ ஊசி வெளிநாட்டுப் பிள்ளைகளின் பையில் இருக்கிறது. அதன் விலை நம் தொழிலாளிக்கு எட்டாதது. ஆனால் சின்னக் குப்பியில் வரும் ஆட்ரினலின் பழைய மருந்து, மலிவான மருந்து. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. புறப்படும் முன் டாக்டரிடம் இதைப் பேசுங்கள். போகும் ஊரில் அரசு ஆஸ்பத்திரி எங்கே என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நாம் கேட்பது பெரிய திட்டமல்ல, கோடிகள் வேண்டாம். சர்க்கார் தன் கையில் உள்ள சமையலறைகளில் தொடங்கட்டும்: சுற்றுலாத் துறையின் ஓட்டல்கள், அம்மா உணவகங்கள், கோயில் அன்னதானக் கூடங்கள், ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடைகள். பஸ் நிற்க அனுமதி பெறும் சாலையோர ஓட்டலுக்கும் இதையே நிபந்தனையாக வைக்கட்டும். ஆலைக் கேன்டீன் குழுக்களில் உள்ள தோழர்கள் சட்டத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். நாளைக் காலையே எழுதலாம். விலைப்பலகை எல்லாக் கடையிலும் ஏற்கெனவே தொங்குகிறது, சாக்கட்டியும் இருக்கிறது. இட்லி, விலை இவ்வளவு என்று எழுதும் கை, பக்கத்தில் இன்னும் இரண்டு சொல் எழுதினால் போதும். பொங்கல்: நெய், முந்திரி உண்டு. தேங்காய்ச் சட்னி: நிலக்கடலை உண்டு. ரவா தோசை: கோதுமை, மோர் உண்டு. எலுமிச்சைச் சாதம்: நிலக்கடலை உண்டு. இட்லி: அரிசி, உளுந்து, உப்பு.