வாக்குக் கேட்பவரிடம் நெருப்பைப் பற்றிக் கேளுங்கள்

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாய்வழி மட்டக்களப்பு நகரப்பக்கம் போகிறது. ஆனால் குளத்தைச் சுற்றிய காடு பற்றினால் தீயணைப்பு வண்டி அந்த நகரத்திலிருந்துதான் வரவேண்டும். கச்சான் காற்றில், காய்ந்த இலுக்குப் புல்லில் விழுந்த பொறி அதுவரை காத்திருக்காது. அமெரிக்காவில் பல ஊர்களில் தீயணைப்புச் சபைக்கென்றே தேர்தல் நடக்கிறது. இங்கே அதற்கு நெருங்கியது, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த பிரதேச சபை. அதற்குப் போட்டியிடுபவர் வீதிவிளக்கோடு தீயையும் தன் வேலையாகச் சொல்ல வேண்டும்.

காடு வன இலாகாவுடையது என்பார்கள். சரி, ஆனால் மின்னலா வந்து கொளுத்துகிறது? சேனைக்கு வைத்த தீயும், புதுப்புல் முளைக்க வைத்த தீயும், வீதியோரம் எரித்த குப்பையும்தான் தாவுகின்றன. குப்பை சபையின் பொறுப்பல்லவா? பணமில்லை என்பது இன்னும் வலுவான மறுப்பு. தீயணைப்பு வண்டி வாங்கச் சபையால் முடியாதுதான். வறட்சியில் குடிநீர் கொண்டுபோகும் பவுசரில் ஒரு பம்பும் நீளக்குழாயும் பூட்டலாமே. தீ தாவாமல் வேலியோரப் புல்லைச் செருக்க மண்வெட்டி போதும்.